இடிகோல் கட்டையா, நீளமா? குறையைப் பார்த்துக் காரணம் காணும் வழி

இலங்கையின் மலையகத்தில், பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்தில் சோளம் பால்பிடிக்கிற காலம் வந்தால் பன்றி இறங்கும். கூடவே என் மரப் பட்டறைக்கு, துவக்குக் குழலுக்குள் வெடிமருந்தையும் குண்டையும் தள்ளி இறக்குகிற இடிகோல் வேலையும் வரும். பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரம் எடுத்து, வாய்வழியாகக் கெட்டிக்கிற பழைய துவக்கு வைத்திருப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். வன்னிப் பக்கத்தில் இதை இடியன் என்பார்கள். குழலையும் விசையையும் நான் தொடமாட்டேன். அது அனுமதி பெற்ற திருத்துநரின் வேலை. கோல் மட்டும்தான் என் வேலை.

வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்வைத் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். "கோல் கட்டையா இருக்கு, நீட்டமா ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே" என்பார்கள். இல்லாவிட்டால் "நீண்டு நிக்குது, வெட்டிக் குடுங்க" என்பார்கள். அளந்து பார்த்தால் பல தடவை நீளத்தில் ஒரு குறையும் இருக்காது. குழலுக்குள்ளோ துவக்கின் மரக் கட்டைக்குள்ளோ இருக்கிற வேறொரு கோளாறு கோலின் நீளத்தில் வந்து தெரியும். ஆகவே அறிகுறி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கோலை வெட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். வெட்டிய மரம் வளராது.

என்னைக் கேட்டால் இடிகோலின் முதல் வேலை அளப்பது, தள்ளுவது இரண்டாவதுதான். இந்த வகைத் துவக்கைப் பின்னால் திறந்து பார்க்க முடியாது. உள்ளே மருந்து இருக்கிறதா, குண்டு எங்கே நிற்கிறது என்று வெளியே இருப்பவனுக்குச் சொல்வது அந்தக் கோல் ஒன்றுதான். அதன் நீளம் தெரியாமல் இருந்தால் அது வெறும் குச்சி.

அளக்கும் முறை

எந்தத் துவக்கையும் கெட்டித்த துவக்காகவே கையில் எடுங்கள். கேப் (அடிபட்டால் பொறி தருகிற சின்ன மூடி) மாட்டும் வகையென்றால், அதை மாட்டுகிற முளையில் கேப் இல்லை என்று பாருங்கள். சக்கிமுக்கி வகையென்றால் மருந்துத் தட்டைத் திறந்து காலியாக்குங்கள். வாய் யாரும் இல்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும். முகத்தையோ உள்ளங்கையையோ வாய்க்கு நேரே கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கோலை மெதுவாகக் குழலுக்குள் விடுங்கள். குத்த வேண்டாம், தன் பாரத்தில் இறங்கட்டும். நின்றதும் வாய் விளிம்புக்கு நேராகக் கோலில் நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். நகம் பிடித்த இடம் வாய் விளிம்பில் இருக்கும்படி கோலைக் குழலின் வெளிப்பக்கத்தோடு சேர்த்துப் படுக்க வையுங்கள். கோலின் அடி நுனி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். நெருப்பு உள்ளே போகிற துளைக்கு, அதாவது பற்றுவாய்க்கு நேராக அல்லது அதைச் சற்றுத் தாண்டி நின்றால் குழல் காலி. கேப் வகையில் முளையின் அடிக்கு நேராக வரும். அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

காலி என்று திருத்துநர் உறுதிசெய்த குழலில் மட்டுமே முதல் கோட்டைப் போட வேண்டும். வாய் விளிம்புக்கு நேராக, கூரான கத்தியால் கோலைச் சுற்றி மெல்லிய கீறல் போட்டு அதில் கரியைத் தேய்த்தால் நிற்கும். ஆழமாக வெட்டினால் பிறகு கோல் அந்த இடத்தில்தான் முறியும். வழக்கமாகப் போடும் அளவு மருந்தும் தக்கையும் குண்டும் அடியில் சரியாக உட்கார்ந்த பிறகு, அதே மாதிரி இரண்டாவது கோடு. முதல் கோடு வெறும் குழலுக்கு, இரண்டாவது கெட்டித்த குழலுக்கு. இந்த இரண்டு கோடும் இல்லாத கோலை என் பட்டறையிலிருந்து அனுப்புவதில்லை.

"நாலு விரக்கடை வெளிய நிக்குது, வெட்டிக் குடுங்க"

இந்த ஒரு அறிகுறிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

லுணுகலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் இறந்து ஆறு வருடம். துவக்கை மகன் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுத் திரிகிறார். அதற்கு முன்னால் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. துவக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கோலை மட்டும் கொண்டுவந்திருந்தார். "தம்பி, இது உள்ளுக்க விட்டா நாலு விரக்கடை வெளிய நிக்குது. அவர் இருக்கப்ப இப்படி நின்டதில்ல. ஈரத்துல மரம் வளந்திருக்கும். இதுல வெட்டிருங்க" என்று காட்டினார். வெட்ட வேண்டிய இடத்தில் பேனையால் கோடு போட்டிருந்தார். அந்த நீலக் கோட்டுக்கு மேலே, சரியாக நாலு விரல் தள்ளி, பழைய கத்திக் கீறல் ஒன்று இருந்தது. எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன கீறல். கணவர் போட்ட வெறும் குழல் கோடு அது. விரலால் தடவிப் பார்த்தபோதே எனக்கு வயிறு கலங்கியது.

மரம் நீளவாக்கில் அப்படி வளராது. ஈரத்தில் ஊதினாலும் தடிப்பில்தான் ஊதும். ஒரு யார் நீளமுள்ள கோல் மழைக்கும் வெயிலுக்கும் நீளத்தில் மாறுவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கைக் கூட எட்டாது. ஆகவே நாலு விரல் என்பது மரத்தின் கணக்கு அல்ல. குழலுக்குள் நாலு விரல் உயரத்துக்கு ஏதோ நிற்கிறது. ஆறு வருடமாகக் கதவுக்குப் பின்னால், பேரப்பிள்ளைகள் விளையாடுகிற அறையில், கெட்டித்த துவக்கு நின்றிருக்கிறது.

நான் கோலை வெட்டவில்லை. யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, அக்காவையும் மகனையும் முதலில் பொலிஸில் அறிவிக்க வைத்து, பிறகு திருத்துநரிடம் சேர்த்தோம். தேங்காய்ப்பொச்சுத் தக்கை, சன்னம், மறுபடி தக்கை, அடியில் கட்டிபட்ட கறுப்பு மருந்து என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த நீலக் கோட்டில் வெட்டியிருந்தால் கோல் வாய் விளிம்போடு சமமாக நின்றிருக்கும். பார்க்கிற எவரும் குழல் காலி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்த அறிகுறி கண்டால் மூன்று காரியம் செய்யாதீர்கள். சுட்டுக் காலியாக்கலாம் என்று நினைக்காதீர்கள். துருப்பிடித்த குழல் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. கம்பியை விட்டுக் கிண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். நனைந்த கறுப்பு மருந்து காய்ந்த பிறகு மறுபடி பற்றக்கூடும்.

இதே அறிகுறிக்கு ஆபத்தில்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் கொண்டுவந்த சீமைத் துவக்கு, கேப் வகை, இரட்டைக் குழல். கோல் முளைக்கு ஒன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றது. இரண்டு குழலிலும் அதே அளவு. கெட்டித்திருக்கிறது என்று நான் பயந்துபோய் அனுப்பிவைத்தேன். திருத்துநர் பார்த்துவிட்டு, அடிப்பகுதியில் குழலை விடக் குறுகலான மருந்தறை ஒன்று இருப்பதைக் காட்டினார். லண்டன் துவக்குக்காரர் ஹென்றி நொக் 1787இல் காப்புரிமை எடுத்த அடியமைப்பின் வழிவந்தது அது. மருந்து குறுகலான அறைக்குள் போய்விடும். கோலின் தட்டையான நுனி அறையின் தோளில் முட்டி நின்றுவிடும். இது குறையல்ல, துவக்கின் அமைப்பு. ஆனாலும் அன்று பயந்தது தவறென்று நான் நினைக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. திருத்துநர் சொன்ன பிறகுதான் அது "அமைப்பு". அதுவரை அது "கெட்டித்த துவக்கு".

"விட்டா நுனி வாய்க்குள்ள போயிருது"

இது உண்மையாகவே கட்டைக் கோல். குழலின் உள்ளாழத்தை விடக் கோல் குறைவு. பெரும்பாலும் முன்னொரு முறை நுனி உடைந்து, உடைந்த இடத்தைச் சீவிவிட்டுத் தொடர்ந்து பாவித்த கோலாக இருக்கும்.

ஒட்டுப்போட்டு நீட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சாய்வாகச் சீவி ஒட்டிய மூட்டு கோலின் பாரம் முழுவதையும் வாங்குகிற இடத்தில் இருக்கும். ஒரு நாள் வழுக்கும். ஆணி அடித்து நீட்டியதையும் பார்த்திருக்கிறேன். இரும்பு ஆணித்தலை மருந்துக்குள் போய் இடிப்பதை நினைத்தாலே போதும். புதுக் கோல் செய்யுங்கள்.

நீளக் கணக்கு இப்படி. துவக்கோடு, குழலுக்குக் கீழே உள்ள வளையத்தில் போகிற கோல், நுனியில் மாட்டுகிற பித்தளைப் பூணையும் சேர்த்து, குழலின் உள்ளாழத்துக்குக் குறையவே கூடாது. ஒரு அங்குலம் கூட இருந்தால் வெறும் குழலில் விட்டாலும் விரலால் பிடித்து இழுக்க இடம் இருக்கும். கெட்டிக்கும்போது மருந்தும் தக்கையும் கீழே நிற்பதால் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் தானாக வெளியே வரும். துடைக்கவும் கழுவவும் வீட்டில் தனிக் கோல் ஒன்று வைத்திருப்பது நல்லது. அது உள்ளாழத்தோடு ஒரு சாண் கூட்டி இருக்கட்டும், தலையில் கைப்பிடி உருண்டையோடு. அதை வளையத்தில் போட வேண்டியதில்லை என்பதால் நீளத்துக்கு எல்லை இல்லை.

பூணைச் சேர்த்து என்று சொன்னதைக் கவனியுங்கள். பித்தளைப் பூணை மாற்றினால் கோலின் நீளம் மாறும், பழைய கோடுகள் பொய்யாகும். துடைக்கிற தலை, துணி பிடுங்குகிற திருகு என்று கழற்றி மாட்டுகிற வகை இருந்தால், எந்தத் தலையோடு கோடு போட்டீர்களோ அந்தத் தலையோடு மட்டும் அளவு பாருங்கள்.

"வளையத்துல போட்டா வாயைத் தாண்டி நிக்குது"

இது குழலுக்குள் விடும்போது அல்ல, குழலுக்குக் கீழே கட்டையில் செருகும்போது வருகிற முறைப்பாடு. இதற்குக் கோல் காரணமாக இருப்பது குறைவு. கட்டைக்குள் கோல் போகிற பள்ளத்தின் அடியில் குளவி மண் கட்டியிருக்கும், அல்லது பழைய கோலின் முறிந்த நுனி கிடக்கும். மெல்லிய ஈர்க்குக் கட்டு ஒன்றை விட்டு ஆழம் பாருங்கள். மண் என்றால் கட்டையைக் கவிழ்த்துத் தட்டினாலே கொட்டும்.

பள்ளம் சுத்தமாக இருந்தும் கோல் நீண்டு நின்றால், அடித்து இறக்கப் பார்க்காதீர்கள். விசையைக் கட்டையோடு பிடிக்கிற முன்திருகு அந்தப் பள்ளத்தின் முடிவுக்குக் கிட்டத்தான் குறுக்கே போகிறது. கோல் அதில் முட்டிக் கட்டையை வெடிக்கவைத்த துவக்கு ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. வாயைத் தாண்டி ஒரு அங்குலம் நிற்பது குற்றமில்லை, அப்படியே விட்டுவிடுங்கள். வளையத்துக்குச் சரியாக வரட்டும் என்று வெட்டினால் குழலுக்குக் கட்டையாகிவிடும்.

"பக்கத்து வீட்டுக் கோல் இதுக்குப் பொருந்தல"

பொருந்தாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற பழைய துவக்குகள் குழல் நீளத்தில் ஒன்றுக்கொன்று மாறும். பிரித்தானியப் படையின் நீளத் துவக்குக்கு முதலில் 46 அங்குலக் குழல். பிறகு 42 ஆனது. கிழக்கிந்தியக் கம்பனி செய்வித்த இந்திய மாதிரிக்கு 39. குழலுக்குள் புரி (சுருள் பள்ளம்) வெட்டிய பேக்கர் துவக்கு 30 அங்குலந்தான். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் (பெயர் ஒன்றானாலும் இவர் வேறு ஆள்) யானை வேட்டைக்கு வைத்திருந்த புரித்துவக்கு 36 அங்குலக் குழல், 21 இறாத்தல் பாரம். இவற்றில் ஒன்றின் கோலை இன்னொன்றில் போட்டால் மூன்று அங்குலத்திலிருந்து பதினாறு அங்குலம் வரை கூடவோ குறையவோ வரும். அடுத்தவர் கோலைக் கடன் வாங்கினால் கோடுகளும் அடுத்தவருடையவைதான்.

புரி வெட்டிய குழலுக்கு இன்னொன்றும் உண்டு. துணி சுற்றிய குண்டு அதில் இறுக்கமாகப் போகும். சாதாரண வழுக்குக் குழலில் இரண்டு விரலால் இறங்குவதைப் புரிக்குழலில் முழங்கைப் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கும். கோலும் அதற்கேற்ற தடிப்பாக இருக்க வேண்டும்.

"ரெண்டு மாசத்துல மூணு கோல் முறிஞ்சிருச்சு"

நீளமாகச் செய்ததால் முறிகிறது என்று சொல்வார்கள். பாதி உண்மை. முறிப்பது வாய்க்கு வெளியே, பிடிக்கிற கை வரைக்கும், தாங்கலில்லாமல் நிற்கிற நீளம். அந்தத் தூரத்தைப் பாதியாக்கினால் கோல் வளையாமல் தாங்குகிற பாரம் நான்கு மடங்காகும். ஆகவே கோலின் தலையைப் பிடித்து ஒரே மூச்சில் அமுக்காதீர்கள். வாய்க்கு மேல் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, சின்னச் சின்னத் தள்ளலாக இறக்குங்கள்.

இந்தப் பழக்கத்தை நான் என் அப்பாவின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கோலின் தலையை உள்ளங்கையால் அமுக்கியபோது நடுவில் சாய்வாகப் பிளந்து, பிளந்த முனை கட்டைவிரலின் அடிச்சதைக்குள் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சிம்பை எடுத்தார்கள். ஆனால் அந்த விரல் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. பிளவு சாய்வாகப் போனதற்குக் காரணம் மர இழை. இழை நுனியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறுகிற இழை எங்கே வெளியேறுகிறதோ அங்கே பிளக்கும், ஊசிபோலக் கூர்மையாகப் பிளக்கும். அதனால் வாளால் அறுத்த பலகையிலிருந்து கோல் எடுப்பதில்லை. மரத்தைப் பிளந்து, பிளவு போன வழியிலேயே சீவி எடுக்கிறேன். அமெரிக்காவில் ஹிக்கரி மரத்தைப் பாவிக்கிறார்கள்; அது நமக்கு இங்கே இல்லை. நம் மரத்தில் எதை எடுத்தாலும் மரத்தின் பெயரை விட இழையைப் பாருங்கள். மூங்கில் வேண்டாம்.

இரும்புக் கோல் முறியாதே என்பார்கள். முறியாது. பிரஷ்யப் படைக்கு அன்ஹால்ட்-டெஸ்ஸாவ் இளவரசர் லியோபோல்ட் அதைத்தான் கொடுத்தார். 1741இல் மொல்விட்ஸ் போரில் அவர்களுடைய காலாட்படை வேகமாகச் சுட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இரும்பு வாய் விளிம்பைத் தேய்க்கும், புரிக்குழலில் அந்தத் தேய்மானம் குறியைக் கெடுக்கும். இரும்பு பாவிப்பவர்கள் வாய்க்குள் உட்காருகிற பித்தளைக் காப்பு ஒன்றையும் வைத்திருக்க வேண்டும்.

"ஒவ்வொரு வெடிக்கும் கோடு மேல ஏறுது"

முதல் வெடிக்குக் கோடு வாயோடு சரியாக நிற்கும். மூன்றாவதுக்கு ஒரு விரல் மேலே நிற்கும். கோல் நீளவில்லை. குண்டு அடிவரை போய் உட்காரவில்லை.

கறுப்பு மருந்து எரிந்த கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பனிமூட்டத்தில் ஒரு மணி நேரம் போதும், குழலுக்குள் தார்போலப் பிடித்துவிடும். குண்டு அந்தத் தாரில் சிக்கி, மருந்துக்கு மேலே இடைவெளி விட்டு நிற்கும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கும், வெடிக்கவும் கூடும். இதைக் காட்டித் தருகிறது அந்த இரண்டாவது கோடுதான். கோடு வாய்க்கு மேலே நின்றால் சுடாதீர்கள். சீராக அமுக்கியும் கோடு இறங்கவில்லை என்றால் அன்றைய வேலையை அதோடு நிறுத்திவிட்டுத் திருத்துநரைப் பாருங்கள்.

இரண்டு வெடிக்கு ஒருமுறை ஈரத்துணியும் பிறகு உலர்துணியும் விட்டுத் துடைத்தால் கோடு ஏறாது. வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள்.

"மழைக்காலத்துல வளையத்துல இறுகிக்கிது"

நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தடிப்பில் ஊதியிருக்கிறது. இறுகிய இடத்தில் மட்டும் கண்ணாடித் துண்டால் இலேசாகச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் தேயுங்கள். கொஞ்சமாகச் சுரண்டுங்கள், வெயில் வந்ததும் மறுபடி மெலியும்.

"பூண் கழண்டு உள்ளுக்கே நின்னுருச்சு"

பசையால் மட்டும் ஒட்டிய பூண் ஒருநாள் இப்படித்தான் நிற்கும். எண்ணெயும் சுடுதண்ணீரும் பசையைத் தின்றுவிடும். பூணுக்கும் மரத்துக்கும் குறுக்கே துளைபோட்டுப் பித்தளை ஊசி ஒன்றை அடித்து, இரண்டு பக்கமும் அரத்தால் சமமாக்கியிருக்க வேண்டும். கடையில் வாங்குகிற கோலில் அந்த ஊசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்குங்கள்.

விலங்கு தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டிவைக்கிற கட்டுத்துவக்குக்கும் தண்ணீர்க் குழாயில் செய்த துவக்குக்கும் கோல் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கட்டுத்துவக்கு பன்றியைத் தெரிந்து சுடுவதில்லை; விடியப் புல்லறுக்கப் போகிறவரின் காலும் அதற்கு ஒன்றுதான். அனுமதிப்பத்திரம் உள்ளவர்களும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின்படி வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற அந்த வாரத்தில் கோலையும் ஒருமுறை குழலில் விட்டு இரண்டு கோட்டையும் சரிபாருங்கள்.

பூண் உள்ளே நின்ற துவக்கைத் திருத்துநரிடம் கொண்டுபோகும்போது தலை போன கோலையும் கூடவே கொண்டுபோங்கள். பூண் எவ்வளவு நீளம், உள்ளே எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் அந்தக் கோலை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்.